ராத்தலுக்கு ஒரு சென்ட்

பீடோங்கில் சனிக்கிழமை காலை.
புரொஜெக்டர் என் கணினியைக் கண்டுகொள்ளவில்லை.
சுகந்தமலர் டீச்சர் மூன்று ஒயர்களை மாற்றிப் பார்த்துவிட்டு
"வாயாலயே சொல்லிருங்க" என்றார்.
நாற்பத்தாறு பிள்ளைகள். மைலோ வாசம்.
பின்வரிசையில் சட்டைப்பையில் பேனா செருகிய
ஏழெட்டு வாசகர்கள்.
அதில் ஒருவர் என் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்.

அமெரிக்காவில் உங்களுக்கு என்ன தெரியும் என்றேன்.
"ஹார்வர்ட்!" என்றான் ஒருவன்.
மண்டபமே சிரித்தது.
பக்கத்துத் தோட்டத்தின் பெயர் அது.
ஹார்வர்டில் ஒன்றாம் ஆண்டிலிருந்தே படித்தவர்கள்
இந்த ஊரில் ஏராளம்.

பிறகு சொன்னேன்:
நாற்பத்திரண்டாம் வருஷம், ஜூன் மாதம்,
டயருக்கு ரப்பர் இல்லாமல் போன பெரிய நாடொன்று
தன் ஜனங்களிடமே கை நீட்டியதை.
பெட்ரோல் ஸ்டேஷன் வாசல்களில் குவிந்தன
மழைச் சப்பாத்துகள், தண்ணீர்க் குழாய்கள்,
வெந்நீர்ப் பைகள், குளியல் தொப்பிகள்,
நாய் கடித்த பந்துகள்.
ராத்தலுக்கு ஒரு சென்ட்.

"ஒரு சென்ட்டா? எங்கப்பா சிரிப்பாரு"
என்றான் யுகனேசன்.
அப்பா பழைய இரும்பு எடுக்கும் லோரிக்காரர்.

பிறகு கம்பிவேலி.
கலிபோர்னியாவில், தூரத்தில் பனிமலை தெரியும் வறண்ட வெளியில்,
முகம் ஜப்பானாக இருந்த குற்றத்துக்குச்
சொந்த நாடே அடைத்துவைத்த குடிமக்கள்
குவாயூலே என்றொரு குத்துச்செடி வளர்த்தார்கள்.
வேறிடத்தில் கழித்துப்போட்ட நாற்றுகள்.
கிடைத்த சாமான்களில் எந்திரம் செய்து
வேரையும் தண்டையும் அரைத்து
ரப்பர் எடுத்தார்கள்,
தங்களைப் பூட்டியவர்களின் வண்டி ஓட.

லோஷினி எழுந்தாள்.
"இங்க தோட்டத்தப் பிடிச்சது ஜப்பான்காரன்.
அங்க வேலிக்குள்ள செடி வச்சதும் ஜப்பான்காரனா மிஸ்?"
"இல்லை. அவர்கள் அமெரிக்கர்கள்."
உட்கார்ந்தாள். நோட்டில் எதையோ எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள்.

இதுவரை நன்றாகப் போயிற்று.
மற்ற ஊர்களில் இந்த இடத்தில் கைதட்டுவார்கள்.

யுகனேசன் மீண்டும் கை தூக்கினான்.
"மரம் இங்கதான மிஸ் நின்னுச்சு?
அந்த மூணு வருஷமும்
யாரு சீவுனா?"

என் புத்தகம், எண்பத்தெட்டாம் பக்கம்:
மலாயா வீழ்ந்தது. ரப்பர் நின்றது.
மழை நிற்பதுபோல நின்றுவிட்டதாம்.
நான் எழுதிய வரி.
பிழை திருத்தியபோதும் உறுத்தவில்லை.

அந்த இடத்தில் முதலில் பதினொரு பக்கம் இருந்தது.
பெரட்டுக்கு வந்தவர்களை வந்தபடியே லோரியில் ஏற்றியது,
சயாமுக்குப் போன கூட்ஸ் வண்டி,
தண்டவாளம் போடப்போன ஆண்களுக்காக
விளக்கை அணைக்காத லயங்கள்,
உளி படாமல் பட்டை மூடிக்கொண்ட கித்தா மரங்கள்,
மங்குகளில் கொசு.
அமெரிக்க வரலாற்றில் இதற்கென்ன வேலை என்று
சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டது
பதிப்பாளர் இல்லை. நான்தான்.

அதையும் சொன்னேன். வேறென்ன செய்ய?

பேனா செருகியவர்களில் ஒருவர்
உட்கார்ந்தபடியே கேட்டார்:
"அந்தப் பதினொரு பக்கத்துல
ஆளுங்க பேரெல்லாம் இருக்கா?"
"இல்லைங்க. எண்ணிக்கைதான்."
"ம்" என்றார்.

ஆறு பிரதி விற்றது.
யுகனேசன் வாங்கவில்லை.
விட்ட பக்கத்தைச் சேர்த்துப் போட்டால் வாங்குவானாம்,
விலை மட்டும் ஏறக்கூடாது.

திரும்பும் வழியில் பெட்ரோல் ஸ்டேஷனில்
பின்டயருக்குக் காற்றடிக்கக் குனிந்தேன்.
சாலைக்கு இரண்டு பக்கமும் செம்பனை.
கை ரப்பரில் இருந்தது, சூடாக.
எந்திரத்தில் எண் ஏறிக்கொண்டிருந்தது:
நூற்றெண்பது, இருநூறு,
இருநூற்றுப் பத்து.